கண்காட்சிக்குப் பழைய ஸ்போர்ட்ஸ் காரைத் தயார் செய்வது: உப்புத் தண்ணீர் ஊர்க்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

எம்.ஜி.பி., ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர், சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் தயாரித்த ஹெரால்டு கன்வெர்ட்டிபிள் என்று கொங்குப் பக்கத்துக் கொட்டகைகளில் நிற்கும் பழைய வண்டிகளுக்கு ஒரு பொதுவான ஆபத்து உண்டு. வருடம் முழுக்கப் பத்திரமாக நிற்கும் வண்டி, கண்காட்சிக்கு முந்தின வாரத்தில் அவசர அவசரமாகத் துடைக்கப்பட்டுக் கெட்டுப்போகும். பெயிண்ட் என்பது அளவான சொத்து. ஒவ்வொரு பாலிஷிலும் அதிலிருந்து கொஞ்சம் செலவாகிறது, திரும்பி வருவதில்லை. ஆகவே எவ்வளவு குறைவாகத் தேய்த்து எவ்வளவு சுத்தமாக்கலாம் என்ற கணக்கிலேயே இந்த வழிகாட்டி போகும்.

நாள் கணக்கு

இரண்டு வாரம் ஒதுக்குங்கள். முதலில் அடிப்பாகமும் சக்கரமும், அடுத்து இன்ஜின், பிறகு பாடி கழுவுவது, பாலிஷ், குரோம், அதன்பின் உள்ளே, கடைசியில் வேக்ஸும் கண்ணாடியும். இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. அடிப்பாகம் கழுவும்போது தெறிக்கும் சேறு பாடியில் விழும். பாலிஷ் தூள் கதவு இடுக்கு வழியாக சீட்டில் இறங்கும். வரிசை மாறினால் ஒரே வேலையை இரண்டு தடவை செய்ய வேண்டிவரும், இரண்டாவது தடவை தேய்ப்பதும் பெயிண்டைத்தான். கடைசி நாளில் புதிய பொருள் எதையும் வண்டி மேல் போட்டுப் பார்க்காதீர்கள்.

முதலில் தண்ணீர்

கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர் என்று எங்கே போர் போட்டாலும் வருவது பெரும்பாலும் உப்புத் தண்ணீர். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்குங்கள், சில நூறு ரூபாய்தான். அது 1,000 என்று காட்டினால், ஒரு லிட்டர் தண்ணீர் காய்ந்ததும் ஒரு கிராம் உப்பு மிஞ்சும் என்று பொருள். 20 லிட்டர் வாளியில் 20 கிராம். அந்த உப்பில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் வெயில் பட்ட பானெட்டில் வெள்ளை வளையங்களாக உட்காரும். பழைய பெயிண்டாக இருந்தால் சில நாளில் வளையத்தின் விளிம்பு பெயிண்டையே அரித்துப் பள்ளமாக்கிவிடும். பிறகு அதை எடுக்கத் தேய்க்க வேண்டும். தேய்ந்தது தேய்ந்ததுதான்.

சிறுவாணித் தண்ணீர் வரும் வீடு என்றால் கவலை பாதி தீர்ந்தது. அது மிக மென்மையான தண்ணீர். மற்றவர்கள் இப்படிச் செய்யலாம்: சேற்றையும் புழுதியையும் அடித்துத் தள்ளப் போர் தண்ணீரே போதும், காய மட்டும் விடக்கூடாது. ஷாம்பு கலக்கும் வாளிக்கும் கடைசி அலசலுக்கும் நல்ல தண்ணீர். கடைசி அலசலுக்கு 20 லிட்டர் போதும். ஆர்.ஓ. தண்ணீரோ, துணி கட்டி வடிகட்டிய மழைத் தண்ணீரோ, எதுவானாலும் மீட்டரில் 50-க்குக் கீழே இருந்தால் சரி. ஆனால் ஆர்.ஓ. மெஷினில் வெளியேறும் கழிவுத் தண்ணீர் வேண்டாம். உப்பெல்லாம் சேர்ந்திருப்பது அதில்தான்.

ஏற்கெனவே உப்புக் கறை இருந்தால், வெள்ளை வினிகரில் அதே அளவு நல்ல தண்ணீர் கலந்து, மைக்ரோஃபைபர் துணியை நனைத்துக் கறை மேல் ஒரு நிமிடம் போர்த்தி வையுங்கள். பிறகு அலசிவிடுங்கள். போகவில்லை என்றால் இன்னும் ஒரு தடவை செய்யலாம். தேய்க்காதீர்கள். அலுமினியத்தின் மேலும், புள்ளி விழுந்த குரோமின் மேலும் வினிகரைக் கொண்டுபோக வேண்டாம்.

பெயிண்ட் எந்த வகை என்று தெரியாமல் கை வைக்காதீர்கள்

அறுபதுகளின் வண்டிகள் பெரும்பாலும் ஒற்றைப் பூச்சு. நிறமே மேல்பரப்பு, அதற்கு மேல் கிளியர் கோட் என்ற நிறமற்ற பூச்சு கிடையாது. இடையில் நம் பட்டறையில் டிங்கரிங் பார்த்துப் பெயிண்ட் அடித்திருந்தால் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்டாகவோ, பி.யூ. (பாலியூரித்தேன்) பெயிண்டாகவோ இருக்கலாம். கண்டுபிடிக்க எளிய வழி: பூட் மூடியின் உள்மடிப்பு போன்ற கண்ணில் படாத இடத்தில், வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு மென்மையான பாலிஷ் வைத்து மெதுவாகத் தேயுங்கள். துணியில் கார் நிறம் ஒட்டினால் ஒற்றைப் பூச்சு. ஒட்டவில்லை என்றால் மேலே கிளியர் கோட் இருக்கிறது.

என்.சி. பெயிண்டுக்கு இன்னும் ஒரு சோதனை. தின்னரில் நனைத்த பஞ்சை மறைவான இடத்தில் ஐந்து வினாடி வையுங்கள். இளகி ஒட்டினால் என்.சி. அப்படிப்பட்ட வண்டியில் தார் நீக்கி, ஆல்கஹால் துடைப்பான், நீலகிரித் தைலம் எல்லாவற்றிலும் கவனம் தேவை.

பெயிண்டின் கனம் அளக்கும் கருவி இருந்தால் ஒவ்வொரு தகட்டிலும் ஐந்து இடத்தில் அளந்து, மாஸ்கிங் டேப் துண்டில் எழுதி அங்கேயே ஒட்டுங்கள். 100 முதல் 150 மைக்ரான் என்றால் பழைய பூச்சு அப்படியே இருக்க வாய்ப்பு அதிகம். 200, 300 என்றால் மேலே அடித்திருக்கிறார்கள். 600-ஐத் தாண்டினால் கீழே பட்டி இருக்கிறது. 80-க்குக் கீழே என்றால் மெஷினை எடுக்கவே வேண்டாம், கையால் மட்டும். ஒப்பிட்டுப் பார்க்க: நாம் பிரிண்ட் எடுக்கும் சாதாரண ஏ4 தாளின் கனம் கிட்டத்தட்ட 100 மைக்ரான். ஆரம்பகால எம்.ஜி.பி.யின் பானெட் அலுமினியம், இரும்புக்கு மட்டுமான கருவி அங்கே அளவு காட்டாது. கருவி கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

அடிப்பாகமும் சக்கரமும்

பல்லடம், உடுமலை, பொள்ளாச்சிப் பக்கத்துக் கரிசல் மண் சக்கர வளைவுக்குள் ஒட்டினால் ஈரத்தை மாதக்கணக்கில் பிடித்து வைக்கும். ஸ்க்ரூடிரைவரால் சுரண்டாதீர்கள், அடிப்பூச்சு கிழிந்து அங்கிருந்தே துரு கிளம்பும். நனைத்த சாக்கை இருபது நிமிடம் அழுத்தி வைத்து, மண் ஊறியதும் மூங்கில் சிம்பாலோ பிளாஸ்டிக் கரண்டியாலோ தள்ளுங்கள். எம்.ஜி.பி.யில் முன்சக்கரத்துக்குப் பின்னால், ஃபெண்டருக்குள் மேல்பக்கமாக ஒரு மண் பை உருவாகும். அங்கே கையை விட்டுத் தடவிப் பார்க்காமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள்.

கதவின் அடிப்பக்கத்திலும், ஏறும் படிக்குக் கீழேயும் தண்ணீர் வடியும் சிறு துளைகள் உண்டு. மெல்லிய பிளாஸ்டிக் குச்சியால் ஒவ்வொன்றையும் திறந்துவிடுங்கள். துளை அடைத்திருக்கும் வண்டியைக் கழுவினால் கதவுக்குள் தண்ணீர் தேங்கும். வெளியே பளபளக்கும், உள்ளே இற்றுக்கொண்டிருக்கும்.

வாட்டர் சர்வீஸில் கழுவிய பின் அடிப்பாகத்துக்கு டீசல் அடிக்கும் பழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். டீசல் ரப்பர் புஷ்ஷை ஊதவைக்கும், பிரேக் ஹோஸைக் கெடுக்கும், மேலே புழுதியைப் பசை போலப் பிடிக்கும். அதே சர்வீஸில் பயன்படுத்தும் சோப் ஆயிலும் காரம் மிகுந்தது. பழைய பெயிண்டின் எண்ணெய்ப் பசையை உரித்து மங்கலாக்கிவிடும்.

கம்பி சக்கரம்தான் பொறுமையைச் சோதிக்கும். எம்.ஜி.பி. கம்பி சக்கரத்தில் பொதுவாக 60 கம்பி. சக்கரத்தைக் கழற்றி வேலை செய்வதே நல்லது. நடு நட்டைக் கழற்ற இரும்புச் சுத்தி கூடாது. செம்பு அல்லது ஈயச் சுத்தி, இல்லையென்றால் மரக்கட்டை வைத்து அடியுங்கள். இரண்டு பக்க நட்டும் எதிரெதிர்த் திசையில் கழலும். நட்டின் மேலேயே அம்புக்குறி இருக்கும், அதைப் பார்த்துச் செய்யுங்கள். எல்லாவற்றுக்குமான கிளீனரை ஒன்றுக்குப் பத்து என்று கலந்து, மெல்லிய பிரஷ்ஷால் கம்பியின் அடிக்கட்டை வரை கழுவுங்கள். பிறகு 3 செ.மீ. அகலத் துணிப்பட்டையைக் கம்பிக்குப் பின்னால் விட்டு, இரண்டு முனையையும் பிடித்து இழுத்து இழுத்துத் துடைப்பதுதான் வழி. பொருத்தும் முன் ஹப்பின் பல் வரிகளில் பழைய கிரீஸைத் துடைத்துப் புது கிரீஸ் மெல்லிசாகத் தடவுங்கள். கழற்றும்போது பல் கூர்மையாகத் தேய்ந்திருப்பது தெரிந்தால் கண்காட்சியை மறந்துவிட்டு முதலில் மெக்கானிக்கிடம் போங்கள்.

டயருக்கு எண்ணெய் வழியும் பளபளப்பு வேண்டாம். கழுவிக் காயவைத்து, தண்ணீர் அடிப்படையிலான டிரெஸ்ஸிங்கை ஸ்பாஞ்சில் தடவி, பத்து நிமிடத்தில் துணியால் ஒற்றி எடுங்கள். புது டயர் போல மட்டாகத் தெரிந்தால் போதும். ஸ்டெப்னி டயரையும் இதே மாதிரி செய்யுங்கள்.

இன்ஜின்

ஹெரால்டிலும் ஸ்பிட்ஃபயரிலும் முன்பாகம் முழுதும் முன்னோக்கிச் சாயும். திறந்தால் இன்ஜின், முன் சஸ்பென்ஷன், சேஸிஸ் எல்லாம் பார்ப்பவர் முகத்துக்கு நேரே நிற்கும். ஒளித்துவைக்க இடமே இல்லை. இந்த வண்டிகளுக்கு இன்ஜினில் ஒரு நாள் கூடுதலாக ஒதுக்குங்கள்.

இன்ஜின் முழுதும் ஆறியிருக்க வேண்டும். பேட்டரியைக் கழற்றும்போது எந்த முனை பாடியோடு சேர்ந்திருக்கிறதோ அதை முதலில் கழற்றுங்கள். இதில் பழைய பிரிட்டிஷ் வண்டிக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 1967 வரைக்குமான எம்.ஜி.பி.யில் பாசிட்டிவ் முனைதான் எர்த். பழக்கத்தில் நெகட்டிவை முதலில் தொட்டால், ஸ்பேனர் பாடியில் பட்டதும் தீப்பொறி பறக்கும். ஆரம்பகால எம்.ஜி.பி.யில் இரண்டு 6 வோல்ட் பேட்டரி சீட்டுக்குப் பின்னால் தரைக்கு அடியில் இருக்கும். அந்தப் பெட்டியில் ஆசிட் கசிந்து வெள்ளைப் பூ பூத்திருந்தால், கால் லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி ஆப்ப சோடா கரைத்து, நுரை அடங்கும் வரை பிரஷ்ஷால் தடவி அலசுங்கள். சோடாத் தண்ணீர் பேட்டரி செல்லுக்குள் மட்டும் போய்விடக் கூடாது.

டிஸ்ட்ரிபியூட்டர், காயில், டைனமோ அல்லது ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பெட்டி, கார்ப்புரேட்டரின் காற்று வாய், எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையால் மூடி ரப்பர் பேண்ட் போடுங்கள். பிரஷர் வாஷர் வேண்டாம். கிளீனரைத் தெளித்து மூன்று நிமிடம் ஊறவிட்டு, ஒரு அங்குலப் பெயிண்ட் பிரஷ்ஷால் தேய்த்து, ஈரத் துணியால் எடுங்கள். பிரஷ்ஷின் இரும்புப் பட்டையைச் சுற்றி டேப் ஒட்டிக்கொண்டால் பக்கத்துப் பெயிண்டில் கீறல் விழாது. சீமெண்ணெய் அடித்துக் கழுவுவதைத் தவிருங்கள். ரப்பருக்குக் கேடு, தீப்பிடிக்கும், நாற்றம் உள்ளேயும் வந்து நாள்கணக்கில் போகாது. முடித்ததும் புளோயரால் காற்றடித்து, ஸ்டார்ட் செய்யும் முன் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உள்ளே ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

எஸ்.யூ. கார்ப்புரேட்டரின் மணி போன்ற மேல்பாகத்தை வெளியே மட்டும் சுத்தம் செய்யுங்கள். உள்ளே பாலிஷ் போட்டால் பிஸ்டனுக்கும் அதற்கும் உள்ள நுண்ணிய இடைவெளி கெடும். ஒவ்வொரு மணியும் தன் பிஸ்டனோடு ஜோடி. இரண்டு கார்ப்புரேட்டரின் மணிகளையும் ஒன்றாகக் கழற்றி வைத்துவிட்டு மாற்றிப் பொருத்தினால் இன்ஜின் ஒழுங்காக ஓடாது. மேலே ஊற்றும் டேம்பர் ஆயில் எஸ்.ஏ.இ. 20.

கண்காட்சி நடுவர் பளபளப்பைவிட அசல் தன்மையை அதிகம் பார்ப்பார். ஹோஸ் கிளிப் அந்தக் காலத்து வகையா, நட்டு போல்ட் ஒரே மாதிரியா, ஒயரில் இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கிறதா என்பதெல்லாம் கண்ணில் படும். கம்பெனியில் மட்டாக வந்த பாகத்தைக் கண்ணாடி போல ஆக்குவதும் குறையே. அவிநாசி சாலை ஜி.டி. கார் அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய், பழைய வண்டிகளின் சின்னச் சின்னப் பாகங்கள் எப்படி இருக்கின்றன என்று நிதானமாகப் பார்த்துவிட்டு வருவது நல்ல பாடம்.

பாடி கழுவுவது

காலை எட்டு மணிக்குள், நிழலில். தகட்டில் உள்ளங்கை வைத்தால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். இரண்டு வாளி: ஒன்றில் 10 லிட்டர் நல்ல தண்ணீரும் நடுநிலை ஷாம்புவும் (பொதுவாக 20 மி.லி., பாட்டிலில் எழுதியிருப்பதே முடிவு), இன்னொன்றில் வெறும் தண்ணீர். இரண்டிலும் அடியில் சல்லடைத் தட்டு. மைக்ரோஃபைபர் கையுறையை ஒவ்வொரு தகட்டுக்குப் பிறகும் வெறும் தண்ணீரில் அலசி, பிறகே ஷாம்புவில் முக்குங்கள். மேலிருந்து கீழே, நேர்கோட்டில். வட்டமாகத் தேய்த்தால் கீறல் எந்தப் பக்கம் வெளிச்சம் பட்டாலும் சிலந்தி வலை போலத் தெரியும். பாத்திரம் துலக்கும் திரவம் கூடாது.

கடைசி அலசலுக்கு வாய்மூடி கழற்றிய பூவாளியைப் பயன்படுத்துங்கள். மேலிருந்து மெதுவாக ஒரே ஓடையாக ஊற்றினால் தண்ணீர் தாளாகச் சரிந்து தானே இறங்கும், துளிகள் குறைவாகத்தான் மிஞ்சும். மிச்சத்தைப் பெரிய துண்டை விரித்து ஒற்றி எடுங்கள். துணி டாப் இருந்தால் மென்மையான பிரஷ்ஷால் தனியாகக் கழுவி, முழுதும் காய்ந்த பிறகே மடியுங்கள். ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை பிடிக்கும்.

இங்கே துணியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். திருப்பூர் பக்கத்தில் இருக்கும் நமக்குப் பனியன் வேஸ்ட் கிலோ கணக்கில் கிடைக்கும். சேஸிஸுக்கும் இன்ஜினுக்கும் அது அருமையான துணி. பெயிண்ட் மேல் மட்டும் வேண்டாம். ஓவர்லாக் தையலில் உள்ள நைலான் நூல் கீறும், பஞ்சு உதிரும், சாயத் துணியாக இருந்தால் ஈரத்தில் நிறம் இறங்கும். பெயிண்டுக்கு 300 முதல் 400 ஜி.எஸ்.எம். மைக்ரோஃபைபர் துணி 15 வாங்குங்கள். லேபிளை வெட்டி எறியுங்கள். தனியாக, நல்ல தண்ணீரில் துவையுங்கள். உப்புத் தண்ணீரில் துவைத்த துணி காய்ந்தால் மொடமொடவென்று ஆகிவிடும்.

இரும்புத் தூளும் தாரும்

கோவையின் வார்ப்பாலைகளும் லேத் பட்டறைகளும் இருக்கும் பகுதியில் நிற்கும் வண்டி என்றால், கழுவிய பின்னும் பெயிண்ட் சொரசொரப்பாக இருக்கும். விரலில் மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு தடவிப் பாருங்கள், மணல்தாள் போலத் தெரியும். காற்றில் வந்த இரும்புத் துகள் பெயிண்டில் குத்தி, துருப்பிடித்து, உள்ளே இறங்கிக்கொண்டிருக்கிறது. இரும்பு நீக்கும் திரவத்தைக் குளிர்ந்த தகட்டில் தெளித்தால் மூன்று நான்கு நிமிடத்தில் ஊதா நிறமாக வழியும். காயும் முன் அலசுங்கள். பழைய பெயிண்டில் முதலில் மறைவான இடத்தில் போட்டுப் பாருங்கள். பெயிண்ட் போன வெறும் இரும்பின் மேல் படக்கூடாது.

தார்ப் புள்ளிக்கும் பழைய ஸ்டிக்கர் பசைக்கும் ஊட்டியிலிருந்து வரும் நீலகிரித் தைலம் நன்றாக வேலை செய்யும். துணியில் இரண்டு சொட்டு, அரை நிமிடம் ஒற்றிவிட்டு எடுத்து, உடனே ஷாம்பு போட்டுக் கழுவுங்கள். என்.சி. பெயிண்டில் மட்டும் வேண்டாம், இளக்கிவிடும்.

பிறகு கிளே பார், அதாவது பெயிண்டில் ஒட்டிய துகளைப் பிடித்தெடுக்கும் களிமண் போன்ற கட்டி. 100 கிராம் கட்டியை நான்காகப் பிரித்து பிஸ்கட் அளவுக்குத் தட்டிக்கொள்ளுங்கள். வழுக்கும் திரவத்தைத் தாராளமாகத் தெளித்து, கையின் கனம் மட்டும் கொடுத்து நகர்த்துங்கள். சத்தம் நின்று வழுக்க ஆரம்பித்தால் அந்த இடம் முடிந்தது. கட்டி கீழே விழுந்தால் குப்பைக்குத்தான் போக வேண்டும். ஒரு மணல் ஒட்டியிருந்தாலும் பானெட் முழுக்கக் கோடு போட்டுவிடும்.

பாலிஷ்

ஒற்றைப் பூச்சு வெளுத்துப் போவதற்குக் காரணம், மேல்பரப்பில் இருந்த எண்ணெய்த் தன்மை வெயிலில் வற்றிப்போவது. சிவப்பு வண்டி ரோஸ் நிறமாகத் தெரிவது அதனால்தான். இதற்கு நேராக மெஷினை எடுத்தால் காய்ந்த மேலடுக்கு தூளாகப் பறக்கும், கீழே போதிய பெயிண்ட் இருக்காது. முதலில் எண்ணெய்ப் பசை மிகுந்த, தேய்க்கும் துகள் இல்லாத கிளேஸ் ஒன்றைத் தேங்காய்ப்பூத் துண்டால் தாராளமாகத் தடவி, தகடு தகடாக அழுத்தித் தேய்த்து, ஒரு இரவு அப்படியே விடுங்கள். மறுநாள் துடைத்துவிட்டு இன்னொரு தடவை செய்யுங்கள். வறண்ட நிலத்துக்கு உழும் முன் தண்ணீர் விடுவது போலத்தான். பல வண்டிகளில் பாதி நிறம் இதிலேயே திரும்பிவிடும், மெஷின் வேலை குறைந்துவிடும்.

மெஷின் என்றால் டூயல் ஆக்‌ஷன் பாலிஷர் (சுழல்வதோடு அங்குமிங்கும் அசையும் வகை). பட்டறைகளில் கம்பளிப் பேட் போட்டுச் சுற்றும் ரோட்டரி பஃபிங் வேகமானது, ஆனால் பழகாத கையில் விளிம்பை நொடியில் எரித்துவிடும். எரியாவிட்டாலும் வெயிலில் வண்டியை நிறுத்தினால் வால் போல வளைந்த கோடுகள் தெரியும். விளிம்புகள், பேட்ஜ், பீடிங், கண்ணாடி ரப்பர் எல்லாவற்றுக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். பெயிண்ட் மிக மெல்லிசாக இருப்பது விளிம்பிலும் மடிப்புக் கோட்டிலும்தான்.

மென்மையான பேட், மென்மையான பாலிஷில் ஆரம்பியுங்கள். 5 அங்குல பேடில் பட்டாணி அளவு நான்கு சொட்டு. இரண்டடிக்கு இரண்டடி இடம், அதற்கு மேல் வேண்டாம். வேகம் 1-இல் பரப்பி, 4-இல் வேலை செய்து, ஒரு போக்கின் பாதி அடுத்த போக்கில் மூடும்படி குறுக்கும் நெடுக்கும் நான்கு தடவை. கை மெதுவாக நகரட்டும், ஒரு வினாடிக்கு ஓர் அங்குலம். துடைத்துவிட்டு எல்.ஈ.டி. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். கீறல் முக்கால்வாசி போயிருந்தால் நிறுத்துங்கள். ஆழமான ஒரு கோட்டை எடுக்க அந்த இடத்தையே தேய்ப்பதைவிட, அந்தக் கோட்டோடு வண்டி இன்னும் ஐம்பது வருடம் இருப்பது மேல்.

ஒற்றைப் பூச்சில் பேட் முழுக்க நிறமாகும், பயப்பட வேண்டாம். ஆனால் நிறம் ஏறிய பேட் அடைத்துக்கொண்டு சூடாகும், தேய்ப்பதற்குப் பதில் இழுக்கும். இரண்டு இடத்துக்கு ஒரு தடவை பிரஷ்ஷால் சுத்தம் செய்து, ஒரு காருக்கு ஆறு முதல் எட்டு பேட் மாற்றுங்கள். இரண்டு நிறம் அடித்த வண்டியில் ஒரு நிறத்தின் பேட் மற்றதைத் தொடக்கூடாது. தகடு சூடாகிக் கை வைக்க முடியவில்லை என்றால் உடனே விட்டுவிடுங்கள். ஈரோடு, கரூர் வெயிலில் பத்து மணிக்கு மேல் பாலிஷ் தகட்டில் விழுந்ததும் காய்ந்து தூளாகிறது. காலையில் மூன்று மணி நேரம், பொழுது சாய்ந்து இரண்டு மணி நேரம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

பட்டி இருக்கும் இடத்தில் அழுத்தம் குறைவு. இரும்பைப் போலப் பட்டி சூட்டைக் கடத்தாது, வெப்பம் மேலேயே தேங்கிப் பெயிண்ட் கொப்பளிக்கும்.

குரோம்

குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கிப் பழகிய கை, பம்பரையும் அப்படித் துலக்கப் பார்க்கும். வேண்டாம். பம்பரில் குரோம் அடுக்கு ஒரு மைக்ரானைக்கூடத் தொடாத அளவுக்கு மெல்லியது, பளபளப்பும் பாதுகாப்பும் அதற்குக் கீழே உள்ள நிக்கலால் வருவது. குரோமில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. புளியின் அமிலமும் உப்பும் அதன் வழியாக இறங்கி இரும்பைத் தொட்டால் ஒரு மாதத்தில் பழுப்புப் புள்ளிகள் கிளம்பும்.

துருப் புள்ளிக்குச் சமையலறை அலுமினியத் தாளைச் சுருட்டித் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேயுங்கள். அலுமினியம் குரோமைவிட மென்மையானது, துருவை எடுக்கும், குரோமைக் கீறாது. வரும் கறுப்புக் குழம்பைத் துடைத்து, குரோம் பாலிஷ் போட்டு, கடைசியில் வேக்ஸ் தடவுங்கள். துளையை அடைப்பது அந்த வேக்ஸ்தான். பம்பரின் பின்பக்கத்தையும் மறக்காதீர்கள், துரு அங்கிருந்துதான் வருகிறது.

உள்ளே

தோல் சீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். உறிஞ்சிக் கறுத்தால் மேல்பூச்சு தேய்ந்துவிட்டது என்று பொருள், கிளீனரை மிகக் குறைவாகப் பயன்படுத்துங்கள். நுரையை மட்டும் பிரஷ்ஷில் எடுத்துத் தடவி, உடனே ஈரத் துணியால் எடுக்க வேண்டும். பிறகு கண்டிஷனர் மெல்லிசாக ஒரு பூச்சு. தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள். முதல் நாள் அழகாக இருக்கும், பிறகு சிக்கு வாடை வரும், தையல் நூல் கறுத்து, புழுதி ஒட்டும். ரெக்சின் சீட்டுக்கு ஷாம்புத் தண்ணீரும் மென்மையான பிரஷ்ஷும் போதும்.

கார்ப்பெட்டில் ஈர வாடை அடித்தால் முதலில் தூக்கிக் கீழே தரைத் தகட்டைப் பாருங்கள். வாடை போக்க அந்துருண்டை போட்டால் இரண்டு வாடை சேர்ந்து அடிக்கும். கார்ப்பெட்டை வெயிலில் உலர்த்தி, ஆப்ப சோடா தூவி ஒரு இரவு விட்டு வேக்யூம் செய்யுங்கள். ஸ்டியரிங்கிலும் பெடல்களிலும் எந்தப் பளபளப்புப் பொருளும் படக்கூடாது, வழுக்கும். மடக்கும் டாப்பின் பிளாஸ்டிக் ஜன்னலை உலர் துணியால் தொடாதீர்கள். அம்மோனியா உள்ள கண்ணாடி கிளீனரும் அதற்கு ஆகாது, மஞ்சளாகி மங்கிவிடும்.

வேக்ஸ்

மூடிய கொட்டகையில், காலையில். பஞ்சு மில் பக்கமாக வீடு இருந்தால் பறக்கும் பஞ்சு ஈர வேக்ஸில் ஒட்டும். ஆரம்பிக்கும் முன் வாசல் தெளிப்பது போலத் தரையில் தண்ணீர் தெளித்துவிட்டால் புழுதியும் பஞ்சும் அடங்கும். கார்னாபா வேக்ஸ் முழு வண்டிக்கு ஒரு பூச்சு 15 முதல் 20 கிராம். கண்ணுக்கு அரைகுறையாகத் தெரியும் அளவுக்கு மெல்லிசாக. தடிமனாகப் போட்டால் கூடுதல் பளபளப்பு வராது, துடைக்கும்போது அழுத்தித் தேய்க்கத்தான் வேண்டிவரும். கால் மணி நேரம் கழித்து விரலால் கோடு இழுத்துப் பாருங்கள். சுத்தமாக வந்தால் துடைக்கலாம். இரண்டாவது பூச்சு மறுநாள்.

பழைய ஒற்றைப் பூச்சுக்கு செராமிக் கோட்டிங் நாங்கள் சொல்ல மாட்டோம். நாளை ஒரு கல் பட்டு டச்சப் செய்ய வேண்டி வந்தால் வேக்ஸை எளிதாக எடுத்துவிடலாம், செராமிக்கைத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும்.

கிளம்பும் நாளும் மைதானமும்

பயணத்துக்குக் கவர் போடாதீர்கள். ஓடும் காற்றில் கவர் படபடத்து, கீழே உள்ள புழுதியை வைத்து பெயிண்டை அரைக்கும். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது வீட்டில் நிற்கும் வண்டிக்கும் இதே கதைதான், கவர் போட்டால் அடியில் இறுக்கிக் கட்ட வேண்டும்.

ஐம்பது வருடம் தாண்டிய வண்டி என்றால் தாள்களையும் பாருங்கள். 2021-இல் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தத்தின்படி விண்டேஜ் வகையில் பதிந்தால் எண்ணில் வி.ஏ. என்ற எழுத்து வரும். முதல் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவு 5,000, பதிவு பத்து வருடம் செல்லும். அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, ராலி, பராமரிப்பு, எரிபொருள் போன்றவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம், தினசரி ஓட்டத்துக்கு அல்ல.

மைதானத்துக்கு எடுத்துப்போக வேண்டிய பை: குயிக் டீட்டெய்லர் (தெளித்துத் துடைக்கும் திரவம்) அரை லிட்டர், சுத்தமான மைக்ரோஃபைபர் ஆறு, மென்மையான பிரஷ் ஒன்று, சிறிய பேட்டரி புளோயர், கண்ணாடித் துணி இரண்டு, எண்ணெய் சொட்டும் இடத்தில் வைக்க ஓர் அட்டை. வேப்பமரம், மாமரம், தூங்குமூஞ்சி மரத்தடியில் இடம் கொடுத்தால் மாற்றிக் கேளுங்கள். பிசினும் பறவை எச்சமும் வெயிலில் அரை நாளில் பெயிண்டைப் பிடித்துவிடும். நிறுத்தியதும் முதலில் புளோயர், பிறகு டீட்டெய்லர் தெளித்து ஒற்றுவது. உலர்ந்த புழுதியை உலர்ந்த துணியால் துடைத்தால் இரண்டு வார வேலை இரண்டு நிமிடத்தில் போய்விடும். டயர் பள்ளத்தில் சிக்கிய கல், புகைக்குழாயின் வாய், கதவுக் கைப்பிடிக்குப் பின்னால் உள்ள விரல் தடம், பூட்டில் ஜாக்கியும் சுத்தியும் தன் இடத்தில் இருக்கிறதா என்பது, இவையே கடைசி கால் மணி நேரத்து வேலை.

திரும்பி வந்த அன்றே வண்டியை மூடாதீர்கள். இன்ஜின் ஆறட்டும். மாலைக்குள் எச்சமோ பிசினோ இருந்தால் ஈரத் துணி போட்டு ஊறவைத்து எடுத்துவிட்டு, ஜன்னலை ஒரு விரல் அளவு இறக்கி விடுங்கள். மறுநாள் காலை நல்ல தண்ணீரில் ஒரு அலசல் அலசி, கதவுத் துளைகளில் தண்ணீர் வடிகிறதா என்று குனிந்து பார்த்த பிறகு கவர் போடலாம்.